உயர்த்திப் பிடித்த செம்பு

போன கிழமை ரொறன்ரோவுக்குப் பக்கத்து நகரமான விட்பியில் நண்பர் ஒருவருடைய மகளின் நடன நிகழ்ச்சி. தேவாலயம் ஒன்றின் நிலக்கீழ் மண்டபம். படியிறங்கும்போதே ஈரக் கம்பளிக் கோட்டு வாசமும், கொதித்துக் கருகிய கோப்பி வாசமும் சேர்ந்து வந்தன. பிள்ளை என்ன ஆடினாள் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அங்கே இருக்கவில்லை. எண்பத்தாறாம் ஆண்டில், ரொறன்ரோவின் கிழக்கே இதே வாசம் அடித்த இன்னொரு மண்டபத்தில், ராம்தயாளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

ராம்தயாள் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மெஷினில் நின்றவர். ஐம்பது வயதிருக்கும். இடது காது கேட்காது. வட இந்தியாவில் சாதிக்கு எதிராகத் தெருத்தெருவாக ஹிந்தி நாடகம் போட்டதற்கு ஊர்ப் பெரியவர்கள் அடித்த அடியில் போன காது. இங்கே வந்தும் மனிதர் விடவில்லை. வாரநாளில் வாளி, சனி ஞாயிறில் நாடகம். மெஷின் இரைச்சலுக்கு மேலாக வசனம் சொல்லிப் பார்ப்பார். எனக்கு ஹிந்தியில் ஒரு சினிமாப் பாட்டின் முதல் வரியைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனாலும் இருவரும் உடைந்த ஆங்கிலத்தில் சாதியை ஒழித்துக்கொண்டிருந்தோம். அந்த நாளில் நான் பெரிய முற்போக்குவாதி. தாடிகூட வைத்திருந்தேன்.

அவருடைய புது நாடகத்தில் வசனமில்லாத வேடங்கள் இரண்டு. கிணற்றுச் சொந்தக்காரன், தாகத்தோடு வரும் கூலியாள். முதலாவதற்கு என்னைக் கேட்டார். மற்றதற்கு என்னோடு அறையில் இருந்த செல்வத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். செல்வம் எனக்குப் பக்கத்து ஊர், என்னைவிட இளையவன். எங்கள் ஊர்க் கிணறுகளில் அவனுடைய ஆட்களை அள்ள விடுவதில்லை. ஐந்து பேர் இருந்த அந்த அறையில் அதை ஒருவரும் வாய்விட்டுச் சொன்னது கிடையாது.

ஒத்திகையில் செல்வம் குனிந்து கைகளைக் குவித்தான். நான் செம்பைச் சரித்தேன்.

"நிறுத்து!" என்றார் ராம்தயாள். ஏதோ பிழைவிட்டேன் என்று நினைத்தேன். கிட்ட வந்து, "இதை உனக்கு யார் சொல்லித் தந்தது?" என்று கேட்டார்.

அப்போதுதான் என்னை நானே பார்த்தேன். செம்பு அவன் கையில் படாத உயரம். முகம் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. தெறிக்கும் என்று ஒரு கால் தானாகப் பின்னால் போயிருந்தது. ஒருவரும் சொல்லித் தரவில்லை. அம்மா ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பஸ்ஸுக்கு நின்றபோது செல்வம் சொன்னான்: "அண்ணை, உங்களுக்கு ரிகேர்சல் தேவையில்லை."

"டேய், உது நடிப்படா."

"இல்லையண்ணை. எனக்கும் கை தானாக் குவிஞ்சிட்டுது."

அதன்பிறகு அவன் ஒத்திகைக்கு வரவில்லை. மாத முடிவில் மல்வேர்னில் ஒரு அறை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

நாடகத்தன்று கூலியாளாக ராம்தயாளே வந்தார். அந்த நரைத்த தலை என் முன்னால் குனிந்தபோது என்னால் முடியவில்லை. செம்பைத் தாழ்த்தி அவருடைய கையில் முட்டும்படி பிடித்தேன். பெரிய பிராயச்சித்தம் செய்கிற நினைப்பு எனக்கு. அவர் நிமிராமலே பல்லுக்குள் சொன்னார்: "மேலே தூக்கு. நீ நல்லவன் என்று காட்டவா இந்த நாடகம்?"

தூக்கினேன். முன்வரிசையில் இரண்டு குடும்பங்கள் எழுந்து போயின.

முடிந்ததும் பார்க்க வந்திருந்த எங்கள் ஊர்த் தமிழர் ஒருவர் வந்து கைகொடுத்தார். "அந்தமாதிரி நடிச்சீர் தம்பி. நல்லகாலம், உது இந்தியாக்காரரின்ர பிரச்சினை. எங்களிட்ட உவ்வளவு இல்லை."

நான் சிரித்தேன். ராம்தயாள் பக்கத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் விளங்காதது அன்றைக்கு எனக்குப் பெரிய ஆறுதல்.

அந்த மண்டபம் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கோபுரம் நிற்கிறது. வாளித் தொழிற்சாலையும் இல்லை. ராம்தயாள் மிசிசாகாவில் மகள் வீட்டில் இறந்துபோனார். அவருடைய நாடகங்களை வாசிக்க அந்த வீட்டில் ஹிந்தி தெரிந்தவர்கள் இல்லை என்று மகளே சொன்னாள். எங்கள் பழைய அறைக்காரர்கள் மட்டும் எப்போதாவது கூடுவோம். ஐந்து பேரும் ஒரே சட்டியில் குழைத்துத் தின்ற காலம் என்று யாராவது தொடங்க, எல்லோருக்கும் கண் கலங்கும். சட்டியைச் சுற்றி இருந்தது நாலு பேர். செல்வம் தன் சோற்றைத் தனிக் கோப்பையில் போட்டுக்கொண்டு யன்னலடியில் இருந்துதான் தின்பான். அந்த யன்னல் இப்போது கதையில் இல்லை. போனமுறை கூடியபோதும் நான் ஓம் ஓம் என்றுதான் தலையாட்டினேன்.