வட்டி குறைய வேண்டும் என்று ஜெபித்த வாரம்

அன்பானவர்களே, பயத்திலேயே பாதி உயிரை விட்டிருந்த ஒருத்தியை ஆண்டவர் எப்படிப் பிடித்து நிறுத்தினார் என்று சொல்ல வந்திருக்கிறேன். என் பெயர் ராணி. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வாடகை வீட்டில் நானும் என் மகள் ஷீபாவும் இருக்கிறோம்.

கைக்கடிகாரத் தொழிற்சாலை ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்தேன். 2001-ல் விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. கணவர் முன்பே இறந்துவிட்டார். ஷீபா நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். கையில் வந்த மொத்தப் பணத்தையும் வங்கியில் எஃப்.டி. போட்டேன். மாதம் வரும் வட்டியில் வாடகை, சாப்பாடு, ஷீபாவின் ஃபீஸ் எல்லாம் முடிய வேண்டும். முதலைத் தொடக் கூடாது. தொட ஆரம்பித்தால் கரைந்துவிடும், பிறகு வயதான காலத்தில் யார் வாசலில் போய் நிற்பது?

பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே செலவையும் எழுத ஆரம்பித்தேன். கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு இடுக்கியால் பல்சக்கரம் பொருத்திய கை இது. எழுதினால் எறும்பு எழுத்துத்தான் வரும். ஒரு நாளின் கட்டத்துக்குள் காய்கறி, பஸ், சோப்பு, காணிக்கை எல்லாம் அடங்கிவிடும். "அம்மா, இதப் படிக்க உன் ஃபாக்டரி லென்ஸ்தான் வேணும்" என்று ஷீபா கேலி செய்வாள்.

முதலில் அது கணக்காக இருந்தது. போகப் போக வியாதியாகிவிட்டது. கடைவாய்ப் பல் வலித்தால் டாக்டரிடம் போகாமல் கிராம்பை வைத்து அழுத்திக்கொண்டேன். ஷீபாவின் செருப்பை இரண்டு தடவை தைத்துக் கொடுத்தேன். யாராவது வீட்டுக்கு வந்தால் முகம் சிரிக்கும், மனசு பால் பாக்கெட்டை எண்ணும். எதையாவது எழுதாமல் விட்டுவிட்டேனோ என்று காலண்டர் முன்னால் போய்ப் போய் நிற்பேன். சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் மறுபடி மேலிருந்து கூட்டிப் பார்ப்பேன்.

அடுத்த வருஷம் வட்டி குறைய ஆரம்பித்தது. பேப்பரில் அதை நல்ல செய்தி மாதிரிப் போடுவார்கள். நான் அந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிடுவேன். "மேடம், உங்க டெபாசிட் முடியப்போகுது. புதுசா போட்டா பழைய வட்டி கிடைக்காது" என்று வங்கியில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாடகை கொடுத்து ஃபீஸ் கட்டினால் சாப்பாட்டுக்கு இடிக்கிறது. அன்றைக்கு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்தச் சமயத்தில்தான் விமலா வந்தாள். தொழிற்சாலையில் எனக்கு அடுத்த மேசை. கன்னடக்காரி, நல்லவள். எனக்கு ஒரு கெடுதலும் நினைக்காதவள். தன் வி.ஆர்.எஸ். பணத்தை ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் போட்டிருந்தாள். வங்கியைப் போல இரண்டு மடங்கு வட்டி, மாதா மாதம் செக். என்னையும் போடச் சொன்னாள். நான் தயங்கியபோது, "யோச்னே மாட்பேடா ராணி" என்றாள். கவலைப்படாதே என்று கன்னடத்தில் சொல்கிற வார்த்தை அது. என் தமிழ்க் காதில், யோசிக்காமல் போட்டுவிடு என்றுதான் விழுந்தது. நானும் யோசிக்கவில்லை. என் கண்ணீருக்கு ஆண்டவர் அனுப்பிய பதில் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமைதோறும் வீட்டு ஜெபக்கூட்டம் உண்டு. அதில் ஒரு பழக்கம். ஆளாளுக்குத் தன் ஜெபக்குறிப்பைப் பெயர் போட்டுச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போடுவோம். குலுக்கிவிட்டு ஒவ்வொருவரும் ஒரு சீட்டை எடுப்போம். யார் சீட்டு வருகிறதோ அவருக்காக அந்த வாரம் முழுவதும் ஜெபிக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்குள் ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

டெபாசிட் முடிகிற வாரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை என் சீட்டில் எழுதினேன்: வங்கி வட்டி குறையக் கூடாது, அல்லது விமலா சொன்ன இடத்தில் பணம் போடும் காரியம் தடையில்லாமல் நடக்க வேண்டும். இரண்டையும் ஒரே சீட்டில் நெருக்கி எழுதினேன். பிறகு டப்பாவில் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தேன். எங்கள் பின்தெருவில் குடியிருக்கும் ஸ்டெல்லாவின் சீட்டு. அவளும் கணவரும் ஊருக்கு வெளியே ஹெப்பகோடியில் லோன் போட்டு வீடு வாங்கியிருந்தார்கள், கட்டட வேலை இன்னும் முடியவில்லை. சீட்டில் ஒரே வரி.

"வட்டி குறைய வேண்டும்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் வாயாலேயே என் சோற்றில் மண் போட்டுக்கொள்ளச் சொல்கிறாரே என்று ஆண்டவர் மேல் கோபம் வந்தது. சீட்டைப் பைபிளுக்குள் வைத்து மூடினேன். சில நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் ஜெபித்தேன், இதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை. அதுவும் பயமாக இருந்தது. ஒரு பெண் நம்பிக் கொடுத்த சீட்டை ஒளித்து வைத்தால் என் ஜெபத்தை யார் கேட்பார்? கடைசியில் புதன்கிழமை காலையில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, ஸ்டெல்லாவுக்கு வட்டி குறையட்டும். என்னை எப்படியாவது பார்த்துக்கொள்ளும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். மனசார ஜெபித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

வியாழக்கிழமை வங்கிக்குப் போனேன். டெபாசிட்டை முடித்து, மொத்தப் பணத்துக்கும் ஃபைனான்ஸ் கம்பெனி பெயரில் டிராஃப்ட் எடுத்தேன். சாயங்காலம் விமலா வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போவதாகப் பேச்சு. என் ஆயுசு முழுவதும் ஒரு துண்டுக் காகிதமாகக் கைப்பைக்குள் இருந்தது. பஸ்ஸில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தேன். இறங்கினதும்தான் ஞாபகம் வந்தது, இன்னும் ஸ்டெல்லா வீட்டுக்குப் போகவில்லை. நாளைக்குக் கூட்டத்தில் கேட்டால் என்ன சொல்வது? வெட்கத்துக்குப் பயந்துதான் போனேன்.

ஸ்டெல்லா காபி கொடுத்தாள். கண் வீங்கியிருந்தது. "உன் சீட்டு என்கிட்டதாம்மா வந்துச்சு. லோன் ரொம்பக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டேன்.

"லோன் கட்டிருவோம்னு ஒரு தைரியம் இருந்துச்சு ஆன்ட்டி. கையில இருந்த காச ஒரு ஃபைனான்ஸ்ல போட்டு, அந்த வட்டிய வெச்சே இ.எம்.ஐ. கட்டிட்டு இருந்தோம். இப்ப கடைசியா வந்த ரெண்டு செக்கும் ரிட்டன். ஆஃபீஸ் போனா மேனேஜர் இல்ல, நாளைக்கு வாங்கங்கறாங்க. வெளிய சொல்லவும் வெக்கமா இருக்கு. பேங்க் வட்டியாவது குறைஞ்சா கொஞ்சம் மூச்சு விடலாம்னுதான் எழுதுனேன்."

"எந்த ஃபைனான்ஸும்மா?"

அவள் பெயரைச் சொன்னாள். என் பையில் இருந்த டிராஃப்டில் அதே பெயர்.

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். பையைத் திறந்து காகிதத்தைக் காட்டினேன். ஸ்டெல்லா அதைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "குடுத்துராதீங்க ஆன்ட்டி" என்று மட்டும் சொன்னாள். இரண்டு பேரும் அங்கேயே அழுது ஜெபித்தோம்.

சாயங்காலம் விமலா வந்தாள். சொன்னேன். நம்பவில்லை. "எனக்குப் போன மாசம்கூட வந்துச்சே, நீ சும்மா பயப்படற" என்றாள். நான் பயந்தவள்தான். அதனால் கொடுக்கவில்லை. மறுநாள் வங்கிக்குப் போய் டிராஃப்டை ரத்து செய்து, குறைந்த வட்டிக்கே திரும்பவும் டெபாசிட் போட்டேன். கொஞ்ச நாளில் அந்த ஆஃபீசுக்குப் பூட்டு விழுந்தது. விமலாவின் பணமும் ஸ்டெல்லாவின் பணமும் இன்னும் வரவில்லை. என்னை மட்டும் ஏன் காப்பாற்றினார் என்று நானும் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். விமலா வீட்டுக்கு அடிக்கடி போகிறேன். இப்போது நானும் அவளும் சேர்ந்து ஒரு நர்ஸரிப் பள்ளிக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறோம். வட்டியில் விழுந்த துண்டை அந்த வருமானம் அடைக்கிறது. ஷீபா படிப்பை முடித்துவிட்டாள். முதலை நான் தொடவில்லை.

கணக்கு இன்னும் எழுதுகிறேன். ஆனால் எழுதி முடித்ததும் காலண்டரை விட்டு நகர முடிகிறது. பல்லையும் பிடுங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு வட்டி இன்னும் ஒரு தடவை குறைந்தது. பேப்பரில் பார்த்ததும் பழைய பயம் எட்டிப் பார்த்தது. ஆனாலும் ஸ்டெல்லாவுக்கு முதலில் போன் போட்டுச் சொன்னது நான்தான்.

இந்தச் சாட்சியை எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முதலில் சொன்னபோது, எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் டேனியல் அண்ணன் எழுந்து நின்றார். அந்த வாரம் என் சீட்டு அவரிடம்தான் போயிருந்ததாம்.

"மன்னிச்சுக்கம்மா. உன் எழுத்து ரொம்பப் பொடிசு. கண்ணாடி போட்டும் ஒண்ணும் புரியல. உன்கிட்ட வந்து கேக்கக் கூச்சமா இருந்துச்சு, அதான் வீட்டுப் பக்கமும் வரல. என்ன கேட்டிருக்கேன்னு தெரியாம, 'இந்தத் தங்கச்சியக் காப்பாத்தும்'னு மட்டும் தெனமும் ஜெபிச்சேன்."

பணம் போடும் காரியம் தடையில்லாமல் நடக்க வேண்டும் என்று நான் எழுதியதை அவர் படித்திருந்தால் அப்படியே ஜெபித்திருப்பார். என் வேண்டுதலை யாரும் படிக்காததால் நான் பிழைத்தேன்.

பயத்தோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறவர்கள் இங்கே இருப்பீர்கள். பயத்தில் என்ன கேட்கிறோம் என்று நமக்கே தெரிவதில்லை. ஆனாலும் கேளுங்கள். நமக்குத் தேவையானது அவருக்குத் தெரியும். நான் இப்போது சீட்டில் ஒரே வரிதான் எழுதுகிறேன், டேனியல் அண்ணனுக்கும் தெரிகிற மாதிரிப் பெரிய எழுத்தில்: இந்தத் தங்கச்சியைக் காப்பாற்றும்.