ஆர்டர் இல்லாமல் எழுதியவன்

திருப்பூருக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது நூல் கம்பெனிச் சத்தமோ சாயத் தண்ணீரோ அல்ல. ஆட்களின் நெஞ்சிலும் முதுகிலும் இருந்த எழுத்து. நெருப்பெரிச்சல் பகுதியில் என் அறை இருந்த தெருவில் காய்கறி வண்டி தள்ளி வருகிற பெரியவர், ஏதோ ஓர் அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட டீசர்ட்டில் வருவார். பேக்கரியில் டீ ஆற்றுகிற மீசைக்காரர் முதுகில் 'மணமகளின் தோழி' என்று ஆங்கிலத்தில் இருக்கும். அளவு தப்பியது, தையல் பிசகியது, வெளிநாட்டுக்காரன் வேண்டாம் என்று தள்ளியது எல்லாம் கடைசியில் இந்த ஊர் உடம்புகளில்தான் வந்து சேர்கிறது. எங்கள் ராமநாதபுரம் பக்கம் ஒரு சுவரில் கரித்துண்டால் ஒரு வரி எழுதினால் போதும், நாலு பேர் நின்று படிப்பார்கள், எவன் எழுதினான் என்று ஒரு வாரம் பேசுவார்கள். இங்கே ஊர் முழுக்க எழுத்து நடமாடுகிறது, அதை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் வலைப்பதிவு எழுதிப் பெயர் வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். என் புத்தியை என்ன சொல்ல.

நான் எம்.ஏ. தமிழ். அம்மா கரிமூட்டம் போட்டுப் படிக்க வைத்த எம்.ஏ. எங்கள் பக்கம் மழை பொய்த்த காட்டில் சீமைக்கருவேலம் மட்டும் கேட்காமல் முளைக்கும். அதை வெட்டி அடுக்கி, வைக்கோலும் ஈரமண்ணும் போட்டு மூடி, உள்ளே தீயை விட்டு, எங்காவது புகை பிய்த்துக்கொண்டு வந்தால் ஓடி மண்ணை அப்பி, வெந்த கரியை மூட்டை பிடித்துக் கொடுப்பது அம்மாவின் வேலை. அப்பா போன பிறகு அவள் வேறு எதுவும் செய்து நான் பார்த்ததில்லை. அவ்வளவு புகை குடித்து வாங்கிய பட்டத்துக்குக் கிடைத்தது ஏற்றுமதி பனியன் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசருக்கு உதவியாளர் வேலை. ஊரில் கேட்பவர்களிடம் அம்மா "ஆபீஸரு" என்று சொல்லிவைத்திருந்தாள். "தமிழ் படிச்சவனுக்குப் பனியன் கம்பெனியில என்ன ஆபீஸரு வேல?" என்று கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதிலாக அம்மா கையில் நான் ஒன்றைக் கொடுக்க வேண்டும், அவள் படிக்க வைத்தது வீணில்லை என்று அதைப் பார்த்தால் தெரிய வேண்டும். எனக்கு வேறு ஆசையே கிடையாது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. என்றாலும் தாளில் அச்சான மகன் பெயரை விரலால் தடவிப் பார்ப்பாள் இல்லையா? அப்போது வாரப் பத்திரிகை ஒன்று நல்ல பதிவுகளை எடுத்து, எழுதியவர் பெயரோடு போட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் ஒரு தடவை வந்துவிட வேண்டும் என்பதுதான் என் கணக்கு.

இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில் தமிழில் பதிவு எழுதியவர்களுக்கு அந்தக் காலத்துச் சூடு நினைவிருக்கும். யார் புதிதாக எழுதினாலும் பட்டியல் போட்டுக் காட்டும் திரட்டித் தளங்கள், பின்னூட்டங்கள், பெயர் போடாமல் வந்து திட்டிவிட்டுப் போகும் அனானிகள், பதிவர் சந்திப்பில் எடுத்த போண்டா படங்கள். இரண்டு பதிவுக்கு ஒருவர் 'வெற்றிகரமான பதிவராவது எப்படி' என்று எழுதுவார். தினமும் எழுது. தலைப்பிலேயே ஆளைப் பிடித்து இழு. நாலு பேருக்குப் பின்னூட்டம் போட்டால் நாற்பது பேர் உனக்குப் போடுவார்கள். உன் வாழ்க்கையை எழுது, உண்மைக்கு வாசகன் தானாக வருவான். இணையத்துக்கு எல்லை கிடையாது, நல்ல எழுத்து எப்படியும் கண்ணில் பட்டுவிடும். இத்தனையையும் நான் மனப்பாடம் செய்தேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பனியன் கம்பெனிக்காரன் மட்டுமே செய்யக்கூடிய ஒரு கோமாளித்தனத்தையும் செய்தேன். எங்கள் தொழிலில் வெளிநாட்டுக்காரன் ஒரு சட்டையை அனுப்பிவைப்பான். நாங்கள் அதை மேசையில் விரித்து, தோள், கை, கழுத்து, காலர் எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து, துளி பிசகாமல் ஒன்று தைத்து அனுப்புவோம். அவன் சரி என்றால் ஆர்டர் வரும். பழக்கதோஷம், பதிவுக்கும் அதையே செய்தேன். அன்றைக்குப் பெரிய பெயராக இருந்த ஒருவரின் பதிவைச் சாம்பிளாக வைத்துக்கொண்டேன். எத்தனை பத்தி, எங்கே முதல் சிரிப்பு, எத்தனை வரிக்கு ஒரு சினிமாப் பேச்சு, முடிவில் எங்கே கண்ணைத் துடைக்கச் சொல்கிறார் என்று பிரித்துப் போட்டு அளந்து அதே அளவில் தைத்தேன். "மீ த ஃபர்ஸ்ட்டு" என்று ஒருவர் பின்னூட்டம் போட்டார். அவர் எல்லாருக்கும் அதையே போடுகிறவர் என்று பிறகு தெரிந்தது. இன்னொருவர் சிரிப்புக்குறி ஒன்றைப் போட்டுவிட்டு, தன் பதிவின் முகவரியை ஒட்டிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை பிரவுசிங் சென்டரில் என் பதிவைத் திறந்து பார்த்தால் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாகத் தெரியும். அதைச் சரி செய்து முடிப்பதற்குள் கரண்ட் போய்விடும்.

என் கம்பெனியில் பழனிசாமி என்று ஒரு புரொடக்சன் மேனேஜர் இருந்தார். அவினாசிப் பக்கத்துக்காரர், தங்கமான மனிதர், யாரையும் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. வேலை முடிந்த பிறகு ஆபீஸ் கம்ப்யூட்டரில் நான் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஒரு நாள் வந்து நின்றார்.

"ஏனுங்க தம்பி, என்னமோ எழுதறீங்களாமா? ஆர்டரு யாருங்க குடுத்தாங்க?"

"யாரும் குடுக்கலண்ணே. நானா எழுதுறேன்."

"யாருமே கேக்காமயா?" அவர் முகத்தில் நிஜமான கவலை தெரிந்தது. "அப்பொறம் ஸ்டாக்கு தேங்கிப்போயிருமுங்களே."

நான் இலக்கியத்தை விளக்க, அவர் மார்க்கெட்டை விளக்க, இருவரும் ஒருவரையொருவர் பாவம் பார்த்துப் பிரிந்தோம். அவர் சொன்னதுதான் நடந்தது. என் ஸ்டாக் தேங்கியது. வந்த ஓரிரண்டு வாசகர்களும் டொரொண்டோவிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். ஊரில் இணையமே இல்லாதபோது ஊர்க்காரன் எங்கே படிப்பது? சிங்கப்பூர்க்காரர் ஒருவர், "ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு எதிரே அந்தப் புரோட்டாக் கடை இன்னும் இருக்கா நண்பரே?" என்று கேட்டார். நான் ஊரிலிருந்து எழுதுவதாக நினைத்துவிட்டார் போல. எனக்கும் தெரியாது என்று எழுதக் கூச்சமாக இருந்தது. "இருக்கு" என்று போட்டேன்.

கடைசியில் வெறுத்துப்போய்ச் சாம்பிள், டேப் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, அம்மாவைப் பற்றி ஒன்று எழுதினேன். கரிமூட்டத்தைப் பற்றி, அவள் கையைப் பற்றி. யாரையும் சிரிக்க வைக்க முயலவில்லை. எழுதும்போது அழுதேன், அதைச் சொல்ல வெட்கமில்லை. அந்தப் பதிவுக்கு ஒரு பின்னூட்டம்கூட வரவில்லை. திரட்டியில் அது மேலே நின்ற கொஞ்ச நேரத்தில் ஏதோ ஒரு சினிமாச் சண்டை வந்து கீழே தள்ளிவிட்டது. அதோடு எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

சில மாதம் கழித்து பழனிசாமி என் மேசைக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது. கையில் மின்னஞ்சலில் வந்த ஒன்றை அச்செடுத்த தாள். "தம்பி, கோயமுத்தூருல இருந்து மச்சான் அனுப்பிச்சாருங்க. பாதிக்கு மேல படிக்க முடியலீங்க. நீங்களும் எழுதறீங்களே, இந்த மாதிரி எழுதிப் பழகுங்க" என்று நீட்டினார். முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என் அம்மா, என் மூட்டம், என் வாக்கியங்கள். கீழே மட்டும் 'பாஸ்கர், மென்பொருள் பொறியாளர், கலிஃபோர்னியா' என்று இருந்தது. அந்தப் பாஸ்கர் திருடினாரா, அவர் யாருக்கோ அனுப்பிவைத்ததில் வேறு யாராவது அவர் பெயரை ஒட்டிவிட்டார்களா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நல்ல எழுத்து எப்படியும் கண்ணில் பட்டுவிடும் என்றார்களே, அது பொய்யில்லை. எழுத்து பட்டுவிட்டது.

"அண்ணே, இது நான் எழுதுனது. எங்க அம்மா கதை" என்றேன்.

பழனிசாமி என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு மனசு விட்டுச் சிரித்தார். "நல்லா வெளையாடறீங்க போங்க! சீமையில கடையில தொங்கற டீசர்ட்டப் பாத்து நாந்தான் தெச்சேன்னு சொன்னா எவன் நம்புவானுங்க?" என்று தோளில் தட்டினார். அவரே தைத்ததாக இருந்தாலும் நம்ப மாட்டார்கள்தான். மேற்கொண்டு நிரூபிக்க எனக்குத் தெம்பில்லை. வலைப்பதிவைத் திறந்து தேதியைக் காட்டியிருக்கலாம். அவருக்கு எதற்குக் காட்ட வேண்டும், அம்மாவுக்குத் தெரிந்தால் போதும் என்று தோன்றியது. அம்மா சொன்னால் உலகமே நம்பும் என்று ஒரு மூலையில் நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். எங்கள் பக்கத்திலிருந்து முன்பே வந்து திருப்பூர் பக்கம் மங்கலத்தில் விசைத்தறி ஓட்டும் குடும்பம். பேசி முடிக்க அம்மா முதல் முறையாகத் திருப்பூர் வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் வாயைத் திறந்து பேசிய முதல் பேச்சு, "மாப்பிள்ள வீட்டுல நமக்கு வெள்ளாமக் காடு இருக்குன்னு சொல்லிருக்கேன்யா. மூட்டங்கீட்டம்னு யாருகிட்டயும் வாயத் தொறந்துறாத" என்பதுதான். கையில் மருதாணி அப்பியிருந்தாள். இந்த வயதில் எதற்கு மருதாணி என்று நான் கேட்கவில்லை. நகக்கண்ணில் இருக்கும் கருப்பு எந்தச் சோப்புக்கும் போகாது என்பது எனக்குத் தெரியும்.

கம்பெனி ஆளின் தாய் ஊரிலிருந்து வந்திருக்கிறாள் என்றால் போய்ப் பார்ப்பது இந்த ஊர் மரியாதை. அன்று மாலை பழனிசாமி ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டார். "கும்புடறனுங்கம்மா. பையனப் பத்திக் கவலையே வேண்டாமுங்க, நல்ல பையன்" என்றபடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நானும் அம்மாவும் பாயில் இருந்தோம். ஊர், மழை, மாப்பிள்ளை வீடு என்று பேச்சு போனது. மாப்பிள்ளையின் பெரியப்பாவை அவருக்கு நன்றாகத் தெரியுமாம். சட்டென்று ஏதோ ஞாபகம் வந்தவராகச் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். "அம்மா, உங்க ஊருப் பக்கத்துக் கதைங்க இது. கொஞ்சம் கேளுங்க" என்று விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார்.

இரண்டு வரியில் அம்மா அசையாமல் ஆகிவிட்டாள். அவர் தன் ஊர் ராகத்தில் நிதானமாகப் படித்துக்கொண்டே போனார். "கல்லூரி வாசலில் காவலாளி நீ யார் என்று அம்மாவைக் கேட்டிருக்கிறார். 'நான் அந்தப் பையனுக்குப் பக்கத்து வீட்டுக்காரி, அவன் அம்மா பலகாரம் கொடுத்துவிட்டாள்' என்று அம்மா சொல்லியிருக்கிறாள். காவலாளி டப்பாவைக் கொண்டுவந்து என்னிடம் தந்தபோது அவள் பஸ் ஏறிப் போயிருந்தாள். மூடியில் அவளுடைய விரல்கள் கருப்பாகப் பதிந்திருந்தன." இதை அம்மா என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. காவலாளி சொல்லி எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. பாயின் மேல் அவள் கை ஊர்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் எழுதுகிறவன் என்று என் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷம் நான் ஆசைப்பட்ட நிமிஷம் அதுதான்.

பழனிசாமி தாளை மடித்துக்கொண்டே சிரித்தார். "இத நாந்தான் எழுதுனேன்னு உங்க பையன் சொல்றாருங்கம்மா! எங்க அம்மா கதைன்னு சொல்றாரு. நெசந்தானுங்களா?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவரை நேராகப் பார்த்து, நல்ல தெளிவான குரலில் சொன்னாள்: "எங்களுக்கு மூட்டம்னா என்னன்னே தெரியாதுய்யா. நாங்க வெவசாயக் குடும்பம். அது யாரு பெத்த புள்ளையோ, பாவம்."

"அப்படிங்களா!" என்றார் பழனிசாமி என் பக்கம் திரும்பி. "பாத்தீங்களா தம்பி, அம்மாவே சொல்லிப்போட்டாங்க. சும்மா வெளையாட்டுக்குத்தானுங்களே சொன்னீங்க?"

மணிக்கட்டில் இருந்த பிடி வலிக்கிற அளவுக்கு இறுகியது.

"ஆமாங்க" என்றேன், இந்த ஊர்க்காரர்கள் இழுக்கிற அதே இழுப்பில். அம்மா மெல்லக் கையை எடுத்துக்கொண்டு, யார் வீட்டுப் பிள்ளையோ என்பது போல என்னைப் பார்த்தாள்.