நாற்காலியில் ஒரு சப்வூஃபர்

‘டமாரம்’ என்றால்தான் தெருவில் அந்த சலூன்காரரைத் தெரியும். ‘பாஸ்’ எனும் கனத்த அடியொலிக்காக அவர் வாங்கிய சப்வூஃபர் பெட்டியோ வீட்டில் பொதபொதவென்றே முழங்கியது. ஒருநாள் அதைத் தன் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துப் பாட்டைப் போட்டார். பாஸ் எங்கே திருத்தமாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைத்தால், பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாலும் அப்படியே கேட்குமாம். அந்த இடத்தைத் தேடிக் கூடம் முழுக்கத் தவழ்ந்தார்.

மனைவியின் தையல் மிஷினருகே வந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“இங்கதான்! மிஷினை நகத்தேன்.”

“எதுக்கு? பெட்டி பாட்டுக்கு அங்க சொகமா சாஞ்சிருக்கு. நீங்க இங்க உக்காந்து கேளுங்க. சும்மா கேக்காம இந்தச் சட்டைக்கெல்லாம் பட்டன் வச்சிடுங்க.”

இப்போது பாஸ் பிரமாதம். டமாரத்துக்குக் காஜா எடுக்கவும் கைவந்துவிட்டது.