நண்டுத் தீவுக்குப் போன விடுமுறை

எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது ஈஸ்டர் விடுமுறைக்கு ஒரு தீவுக்குப் போனோம். எங்கள் வீட்டில் அது புதிது. அப்பா பிரிக்பீல்ட்ஸில் ரயில் பட்டறைத் தொழிலாளி. விடுமுறை கிடைத்தால் பத்துமலைக் கோயிலுக்குப் போவார், இல்லையென்றால் தூங்குவார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போர்ட் டிக்சன் கடற்கரைக்குப் போய்வந்து ஒரு மாதம் பெருமையடித்ததில் எனக்குக் கடல் பைத்தியம் பிடித்திருந்தது. அதனால், "தீவுக்குப் போறோம்" என்று சித்தப்பா சொன்னதும் நான் வேறு எதையும் கேட்கவில்லை.

மலாய்க்காரர்கள் அதைப் புலாவ் கெத்தாம் என்பார்கள். எங்களுக்கு நண்டுத் தீவு. அம்மா என்னை மட்டும் அழைத்துக்கொண்டாள். அக்காக்கள் இருவரும் அப்பாவுக்குச் சமைத்துப் போட வீட்டிலேயே இருந்தார்கள்.

அம்மாவின் தங்கையான சித்தி கொண்டுவந்த பை விசித்திரமாக இருந்தது. பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துணிகள், ஒரு பால்மாவு டின், படகு வடிவத்தில் ஒரு கண்ணாடிப் புட்டி.

"இது எதுக்கு சித்தி? தண்ணியில விட்டு விளையாடவா?"

"தொடாத. உடஞ்சிரும்," என்று சித்தி பையை மடியில் வைத்துக்கொண்டாள். கல்யாணமாகிப் பத்து வருடமாகியும் அவளுக்குப் பிள்ளையில்லை. அதை நான் ஒரு குறையாக நினைத்ததில்லை. எனக்குக் கிடைக்கிற பலகாரம் கூடுதல், அவ்வளவுதான்.

ரயிலில் கிள்ளானைத் தாண்டித் துறைமுகத்தில் இறங்கி, ஒரு மீன்பிடிப் படகில் ஏறினோம். இரண்டு பக்கமும் சேற்றில் வேர் ஊன்றிய கண்டல் மரங்கள். மணலை எதிர்பார்த்துப் போன எனக்குத் தீவைக் கண்டதும் அழுகை வந்தது. மணலும் இல்லை, தரையும் இல்லை. சேற்றில் மரக்கால்களை நட்டு, அதன்மேல் வீடுகளைக் கட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வீடு பலகை போட்ட பாதை. எங்கும் கூனி இறால் காய்ந்துகொண்டிருந்தது.

எங்கள் லைன் வீடுகளுக்குச் சைக்கிளில் கருவாடு கொண்டுவரும் சீனரின் வீட்டுக்குத்தான் போனோம். அவருக்கு நான்கு பெண் பிள்ளைகள். ஐந்தாவதும் பெண், ஒரு மாதக் குழந்தை. சித்தப்பாவும் அவரும் மலாயில் பேசினார்கள். தேநீரும் அவித்த நண்டும் வந்தன. சித்தி எதையும் தொடவில்லை.

என் வயதுப் பெண் ஒருத்தி நண்டின் காலில் நூல் கட்டி என் கையில் கொடுத்தாள். அதை இழுத்துக்கொண்டு உள்ளே போனபோது, அவள் அம்மா குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அழுக்கே இல்லாத குழந்தையை எதற்கு இவ்வளவு நேரம் குளிப்பாட்டுகிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். துவட்டிப் பால் கொடுத்து, எழுந்து வந்து சித்தியின் மடியில் வைத்தாள்.

"ஜாகா பாயெக்-பாயெக்," என்றாள். நன்றாகப் பார்த்துக்கொள் என்று அர்த்தம். சித்திக்கு மலாய் அவ்வளவாக வராது. தமிழிலேயே, "பாத்துக்குறேன்க்கா, நல்லாப் பாத்துக்குறேன்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நான் அம்மாவின் காதருகே போய்க் கேட்டேன். "பாப்பா நம்மகூட வருதா?"

"ஆமா. சித்திக்குக் குடுத்துட்டாங்க."

"எதுக்கும்மா?"

"அஞ்சாவதும் பொண்ணு. அப்பனுக்கு ஆகாதுன்னு ஜோசியக்காரன் சொன்னானாம்."

எங்கள் வீட்டில் மூன்று பெண்கள்தான் என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

படகில் ஏறியதும் குழந்தை அழ ஆரம்பித்தது. சித்தி புட்டியை வாயில் வைத்தாள். அது நாக்கால் தள்ளியது. மறுபடி வைத்தாள், முகம் சிவக்கக் கத்தியது. படகுத்துறைப் பலகையில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் கணவர் கயிற்றை அவிழ்த்துவிட்டார்.

"கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க," என்றாள் சித்தி. "இன்னும் ஒரே ஒரு தரம் அவங்க பால் குடுக்கட்டும். புள்ள ரொம்ப அழுவுது."

சித்தப்பா தண்ணீரைப் பார்த்தார். "தண்ணி வத்துதே. அப்பறம் படகு சேத்துல மாட்டிக்கும்."

அம்மாதான் முடிவாகச் சொன்னாள். "வேணாம்டி. திரும்பவும் கையில வாங்குனா அவளால விடமுடியாது. நீ அதைப் பாத்துட்டுத் தூக்கிட்டு வருவியா?"

சித்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். படகு நகர்ந்தது.

துறைமுகம் நெருங்கும்போது குழந்தை புட்டியைப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு அவள் எங்கள் தங்கச்சிதான். சீன முகத்தோடு பாவாடை கட்டிக்கொண்டு, எங்கள் எல்லாரையும்விட நல்ல தமிழ் பேசினாள். ஏழாவது வயதில் பத்துமலைக்குப் பால்குடம் எடுத்தாள். சித்தி அவளை அடித்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அன்று படகு விலகியபோது, அழுகைச் சத்தத்தையும் மீறி நான் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா கையசைக்கவில்லை. இரண்டு கைகளையும் தொங்கவிட்டபடி நின்றாள். அவளுடைய நீலச் சட்டை மார்புப் பக்கம் இரண்டு இடத்தில் நனைந்து, நனைந்த இடம் பரவிக்கொண்டே வந்தது.

"அம்மா, அவங்க பாப்பாவைக் குளிப்பாட்டுன சட்டையை இன்னும் மாத்தவே இல்ல. ஈரத்தோட நிக்கிறாங்க பாரேன்," என்றேன்.

அம்மா வெயில் அடிக்கிறது என்று சொல்லித் தன் முந்தானையை இழுத்து என் முகத்தை மூடினாள். எதையும் பார்க்க விடமாட்டேன் என்கிறாளே என்று எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.