போகிக்கு மொட்டையான ஆவாரை

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் கார்டன் சூப்பர்வைசராக இருந்தபோது, காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நூற்றிருபது ஆவாரஞ்செடி நட்டேன். மேனேஜருக்குப் பிடிக்கவில்லை.

"காட்டுல தானா முளைக்கிறத சம்பளம் வாங்கிட்டு நடுறீரா? ஒரு வருசம் பாப்பேன். பூக்கலேன்னா பிடுங்கிட்டு டூவீலர் ஷெட்டுதான்."

ஐப்பசி மழைக்குப் பிறகு சுவர் நெடுக மஞ்சள். இலையில் பச்சைப் புழு வந்தது. பட்டாம்பூச்சியாகப் போகிற புழு என்று நான் மருந்து அடிக்க விடவில்லை. மார்கழியில் மஞ்சள் பட்டாம்பூச்சிகள் எந்நேரமும் பறந்தன. "போகியன்னைக்கு வந்து பாக்கேன்" என்றார் மேனேஜர்.

போகிக்கு முந்தின நாள், நூல் நூற்கும் ரிங் ஃப்ரேமில் வேலை பார்க்கும் முத்துலட்சுமி வந்தாள். "அண்ணாச்சி, போகிக்கு வாசல்ல காப்புக் கட்ட ரெண்டு கொத்து ஆவாரம்பூ எடுத்துக்கிடட்டா?"

"எடுத்துக்க தாயி, அதுக்கென்ன" என்றேன். புத்திகெட்டவன்.

போகி காலையில் உள்ளே நுழைந்தால் வெள்ளைச் சுவர் தெரிகிறது. வேறு மில்லுக்குள் வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். நூற்றிருபதும் முழங்கால் உயரக் குச்சியாக நின்றன.

"நீங்க எடுத்துக்கிடச் சொன்னதாச் சொன்னாவ. பொறவு நான் எப்படித் தடுக்க?" என்றார் வாட்ச்மேன். ஒருத்திக்குச் சொன்னது மூன்று ஷிப்டுக்கும் போயிருந்தது. வெட்டின குச்சிகளைச் சுற்றி நாலைந்து பட்டாம்பூச்சிகள் உட்கார இடம் தேடி அலைந்தன. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மேனேஜரின் கார் வந்து நின்றது.

"எவன்யா வெட்டுனது? அம்புட்டும் போச்சுல்லா. நாளைக்கே ஜேசிபிக்குச் சொல்லுதேன்."

என் கண் அவர் காரின்மேல் போனது. முன்பக்கம் வேப்பிலை, பூளைப்பூவோடு, வாடாத ஆவாரம்பூ ஒரு கொத்து கட்டியிருந்தது. டிரைவர் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜரும் பார்த்துவிட்டார். செடிப் பக்கம் திரும்பி ஒரு குச்சியைத் தொட்டார்.

"திரும்பத் துளிர்க்குமாய்யா?"

"வேரு இருக்குல்லா சார். ஒரு மாசம் குடுங்க." சொன்னேனே தவிர, எனக்கே நம்பிக்கை இல்லை.

இருபது நாளில் குச்சிக்குக் குச்சி துளிர்த்தது. இளந்தளிரில் பட்டாம்பூச்சி முட்டை வைத்தது. மறுவருசம் முன்னைவிட அடர்த்தியாகப் பூத்தது. ஷெட் பேச்சு அதோடு நின்றது.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். மில்லில் எதையும் ஒருத்தருக்கு மட்டும் கொடுக்க முடியாது. எல்லாருக்கும் சேர்த்துத்தான் நட வேண்டும்.

அதனால் மில் கேட்டுக்கு வெளியே காப்புக்கென்றே தனியாக ஒரு வரிசை நட்டேன். அடுத்த போகிக்கு முந்தின நாள் கத்தரிக்கோலோடு நானே போய் நின்றேன். ஆளுக்கு ஒரு கொத்து. வரிசையில் முதல் ஆளாக நின்றது மேனேஜரின் டிரைவர்.