வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

எங்கள் குலசாமிப் பெட்டிக்குள் அரிவாளுக்கும் பட்டுத்துணிக்கும் நடுவே ஓர் ஓலைக்கட்டு இருந்தது. உசிலம்பட்டிக்கு மேற்கே எங்களுக்கு இருக்கிற புன்செய்க் காட்டை, எங்கள் முன்னோர் ஒருவர் விலைக்கு வாங்கியதற்கான கிரய ஓலை அது. ஆடி மாதப் படையலன்று பெரியப்பா அதை வெளியே எடுத்து, எண்ணெய் போட்டுத் துடைத்து, இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு படிப்பார்.

படிப்பார் என்று நாங்கள்தான் சொல்வோம். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அவருடைய அப்பா சொன்னதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாக வைத்திருந்தார். நான்கு எல்லையும் சொல்லி முடித்த பிறகு, குரலைக் கொஞ்சம் உயர்த்தி, "வெள்ளிக்கெழமத் தண்ணி கீழக்காட்டுக்கு. இத மாத்துறவன் வெளங்கமாட்டான்" என்பார்.

கீழக்காடு என்பது எங்களுக்குக் காட்டை விற்றவர்கள், தங்களுக்கென்று நிறுத்திக்கொண்ட ஒரு துண்டு நிலம். அந்த வம்சத்தில் என் காலத்தில் மிஞ்சியிருந்தவர் ஓர் அத்தை. முறைக்குத்தான் அத்தை; சொந்தம் என்று பார்த்தால் எங்கேயோ தூரத்தில் போய்ச் சேரும். வீட்டுக்காரர் இறந்த பிறகு அவர் அந்தத் துண்டு முழுக்க மல்லிகை வைத்திருந்தார். விடியற்காலையில் பூவைப் பறித்து, முதல் டவுன் பஸ்ஸில் உசிலம்பட்டிக் கடைக்குக் கொண்டுபோவார். அந்தச் செடிகள் எங்கள் கிணற்றுத் தண்ணீரில்தான் நின்றன. வெள்ளிக்கிழமையானால் பெரியப்பாவே மோட்டாரைப் போட்டுவிடுவார். அத்தை வந்து வாய்க்காலைத் திருப்பிக்கொள்வார். படையலுக்கு ஒரு தேங்காயோடு வந்து நிற்பார். அந்த ஒரு வரியைக் கேட்டதும் தரையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்.

அப்பா இல்லாத என்னைப் பெரியப்பாதான் படிக்கவைத்தார். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். எண்பதுகளின் தொடக்கத்தில் கோரிப்பாளையத்தில் ஓர் அறையில் தங்கி, மதுரையில் எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். கல்வெட்டு ஒரு பாடமாக இருந்தது. திருப்பரங்குன்றத்துக்குக் கூட்டிப்போய் மைப்படி எடுக்கவைத்தார்கள். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டித் தட்டி, மேலே மையை ஒற்றி, வெள்ளையாக எழுத்து எழுந்து வருவதைப் பார்த்த நாளில் நான் சாப்பிட மறந்துபோனேன். புள்ளி வைக்காத பழைய எழுத்து கொஞ்சம் கொஞ்சமாக வசப்பட்டது. மா, காணி என்கிற கணக்குக் குறிகளும் வந்தன.

அந்த வருஷம் ஆடிக்கு ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா ஓலையைக் கையில் எடுத்ததும் பங்காளி ஒருவர், "இந்தத் தடவ நம்ம கலெக்டரு படிக்கட்டும்யா" என்றார். சிரித்தார்கள். பெரியப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஓலைக்கட்டை என் கையில் கொடுத்துவிட்டு, தான் ஒதுங்கித் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

நான் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து ஓலையில் தடவித் துடைத்தேன். எழுத்து கறுகறுவென்று எழுந்தது. ஒவ்வொரு வரியாகப் படித்து, அதற்கு அர்த்தமும் சொன்னேன். எல்லைகள் பெரியப்பா சொல்லிவந்தபடியே இருந்தன. அதற்கு அடுத்து, "மேல்நோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும்" என்று வந்தது. கல்லில் நானே மைப்படி எடுத்த அதே வாசகம், எங்கள் வீட்டு ஓலையில். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கிணற்றை ஒரு பங்கு பாக்கியில்லாமல் முழுசாக விற்றிருக்கிறார்கள் என்று விளக்கினேன். சாட்சி போட்டவர்கள், எழுதியவர் என்று கடைசிவரை படித்து நிமிர்ந்தேன்.

"அந்த வெள்ளிக்கெழம?" என்று யாரோ கேட்டார்கள்.

ஓலைகளை மறுபடி முன்னும் பின்னும் புரட்டித் தேடினேன். "அப்படி ஒண்ணும் இதுல இல்லையே" என்றேன். வாய்மொழித் தேர்வில் பதில் சொல்கிற குரலில்தான் அதையும் சொன்னேன்.

 பெரியப்பா எழுந்து வந்து ஓலையை வாங்கிப் பட்டுத்துணியில் சுற்றினார். அத்தை நின்ற இடத்தில் தேங்காய் மட்டும் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை பெரியப்பா வழக்கம்போல மோட்டாரைப் போட்டார். வாய்க்காலைத் திருப்ப ஆள் வரவில்லை. தண்ணீர் எங்கள் சோளத்துக்குள்ளேயே பாய்ந்து நின்றது. மறுநாள் அத்தை ஒரு கூடைப் பூவைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்தார். பெரியம்மா எதற்கு என்று கேட்டதற்கு, இத்தனை வருஷமும் தெரியாமல் எடுத்துவிட்டோம், அதற்கு இதாவது இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். பெரியம்மா அந்தப் பூவைத் தலையில் வைக்கவும் முடியாமல் தூரப் போடவும் முடியாமல் அடுப்படியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பெரியப்பா என்னைத் திட்டவில்லை. "நீ போய்க் கூப்பிட்டா வரும்" என்றார், அவ்வளவுதான்.

போனேன். அத்தை செடிக்கு நடுவே குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார். மேல் மண் வெளுத்துக் கிடந்தது. ஓலை ஒன்று குறைகிறது, அதில் இருந்திருக்கும், நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

அத்தை நிமிரவில்லை. "சாமி முன்னால படிச்சத, என் செடிக்காக மாத்திச் சொல்லாதீங்க மருமகனே."

"பெரியப்பா குடுக்கத்தான செய்றாரு?"

"குடுக்குறாக. அது அவுக மனசு. எங்க தண்ணின்னுல்ல நான் எறச்சேன்? எங்க ஆளுக கிணத்தையும் சேத்து வித்துப்புட்டு, நாங்க வருஷா வருஷம் தேங்காயோட வந்து நின்னுருக்கோம். அடுத்தவுக தண்ணில பூ வளத்து, அதச் சாமிக்கும் போட்டுருக்கேன்."

பறிகொடுத்தவர் சொல்லவேண்டிய குற்றத்தை, எடுத்தவரே தன்மேல் சொல்லிக்கொள்வதுபோல இருந்தது.  கொஞ்ச நேரம் களை பிடுங்கிவிட்டு, அவராகவே ஒரு வழி சொன்னார். "இனிமே தர்றதா இருந்தா எழுதித் தரச் சொல்லுங்க. எழுத்துல இருந்தா வாங்கிக்கிறேன்."

எனக்கு உயிர் வந்தது. அன்றைக்கே உசிலம்பட்டிக்குப் போய் முத்திரைத்தாள் வாங்கிவந்தேன். எனக்குத் தெரிந்த நல்ல தமிழையெல்லாம் போட்டு, வெள்ளிக்கிழமை முறைத் தண்ணீர் கீழக்காட்டுக்குப் பிள்ளை பேரன் காலத்துக்கும் பாத்தியப்பட்டது என்று எழுதினேன். ஓலையில் இல்லாத வரியை நானே எழுதிவிட்ட திருப்தியோடு, மைத்தட்டையும் எடுத்துக்கொண்டு பெரியப்பாவிடம் போனேன்.

முழுதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு வெகுநேரம் வேட்டி நுனியை நீவிக்கொண்டே இருந்தார். கிணற்றை ஆழப்படுத்த சொசைட்டியில் கடன் கேட்டிருந்தார். கிணற்றின் மேல் இன்னொருத்தருக்கு உரிமை என்று எழுதிவிட்டால் வில்லங்கம் என்பார்கள், கடன் நின்றுபோகும். மகன்கள் நாளைக்குப் பாகம் பிரிக்கும்போதும் சண்டை வரும் என்றார். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது.

"அப்ப வருஷா வருஷம் சொன்னீங்களே பெரியப்பா?"

"சொன்னேன். சாகுற மட்டும் சொல்லிருப்பேன். அத மாத்தணும்னு ஒரு நாளும் எனக்குத் தோணல." என் கையில் இருந்த தாளைப் பார்த்தார். "இதுல கைநாட்டு வைக்கச் சொன்னா, வைக்க மனசு வரல தம்பி. இப்படி ஒரு மனசு எனக்குள்ள இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னைப் படிக்கவைத்த மனுஷன். அவர் முன்னால் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அத்தையிடம் போய்ச் சொல்லவேண்டியது நான்தான். மறுநாள் போகலாம் என்று இருந்தேன். மறுநாளும் போகவில்லை. லீவு முடிந்துவிட்டது.

மதுரை பஸ்ஸுக்கு உசிலம்பட்டியில் நின்றபோது, பூக்கடையில் எடை போட்டுவிட்டு அத்தை வெறுங்கூடையோடு எதிரே வந்தார். வழக்கமாகக் கொண்டுவருவதில் பாதிகூட அன்று இல்லை என்று அவரே சொன்னார். எழுதியாயிற்றா என்று கேட்டார். தாள் என் பையிலேயே இருந்தது.

"இன்னும் ரெண்டு நாளாகும் அத்தை" என்றேன்.

"ஆகட்டும், ஆகட்டும். பதறாம எழுதச் சொல்லுங்க" என்றார். "நாளைக்கு எந்தப் புள்ள எடுத்துப் படிச்சாலும் வெள்ளிக்கெழமன்னு இருக்கணும்ல."

பஸ் வந்ததும் என் பையை அவரே வாங்கி ஜன்னல் வழியாக உள்ளே போட்டு, எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்.