இன்ஸ்பெக்டருக்கு ஊத்தின தேத்தண்ணி

எனக்குக் கோவம் வந்தா வாய் நிக்காது. அண்டைக்கு வெள்ளவத்தைச் சந்தையில, கையில மீன் பையோட நிண்டபடி போனுக்குள்ள கத்தினன். சுத்தி நிண்ட சனம் திரும்பிப் பாத்தது.

போன்ல கொட்டாஞ்சேனையில இருந்து ஒரு மனுசி. அவவின்ர புருசனுக்குத் துறைமுகத்தில சாமான் இறக்கிற வேலை. செய்யாத களவுக்குப் பிடிச்சுக்கொண்டு போய், ஒப்புக்கொள்ளச் சொல்லி ஒரு இன்ஸ்பெக்டர் உள்ளங்காலிலயே அடி அடியெண்டு அடிச்சவன். இண்டைக்கும் மனுசன் நேரா நடக்கமாட்டார். நான் அந்தக் குடும்பத்தின்ர வக்கீல். சித்திரவதைச் சட்டத்தில அந்த இன்ஸ்பெக்டருக்கு எதிரான வழக்கு மேல் நீதிமன்றம் வந்து சேர நாங்கள் பட்டது நாய் படாத பாடு. டொக்டரின்ர அறிக்கை எடுக்கிறதுக்கே செருப்புத் தேஞ்சது. இனி அந்த மனுசன் சாட்சிக் கூண்டில ஏறி, பயப்பிடாமச் சொல்லவேணும். சொல்லாட்டி வழக்கே இல்லை.

அந்த நேரத்தில மனுசி சொல்லுறா, இவை ரெண்டு பேரும் ஞாயிறு பூசை முடிஞ்சு வீட்டுக்கு வந்து சேர, பிணையில நிக்கிற அதே இன்ஸ்பெக்டர் பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு கேக் பெட்டியும் முந்திரிகைப்பழமுமா வாசல்ல நிண்டவராம். வழக்கை விடச் சொல்லித் தன்மையாக் கேட்டவராம். இவை இருத்தித் தேத்தண்ணியும் குடுத்து அனுப்பினவையாம்.

"தேத்தண்ணியோ? அவனுக்கோ?" எண்டன். வீடு தேடி வந்தவனை வாய் நனைக்காம அனுப்பக்கூடாது எண்டது எங்கட ஆக்களுக்கு ரத்தத்தில ஊறினது. எதிரி வந்தாலும் அடுப்பில கேத்தில் ஏறிடும். அதுக்கும் ஒரு அளவு வேண்டாமோ? மனுசி அழுதா.

சாட்சியை நெருங்கினதுக்குப் பிணையை ரத்துச் செய்யச் சொல்லிக் கேட்டம். எண்டாலும் அந்தத் தேத்தண்ணி என்ர நெஞ்சில கல்லு மாதிரிக் கிடந்தது.

பயந்தபடியே நடந்தது. புதுக்கடை நீதிமன்றத்தில விசாரணை அண்டு, எதிர்த்தரப்பு வக்கீல் கூண்டில நிண்ட மனுசனிட்ட ஒரு போட்டோவை நீட்டினார். இன்ஸ்பெக்டரின்ர பெண்சாதி போன்ல எடுத்தது. இவையின்ர வீட்டுக் கதிரையில இன்ஸ்பெக்டர், கையில தேத்தண்ணி, முகத்தில சிரிப்பு.

உங்களை அடிச்சவர் எண்டு சொல்லுற இந்த ஆளுக்குத் தேத்தண்ணி போட்டது ஆர் எண்டு வக்கீல் கேட்டார். மொழிபெயர்க்கிறவர் அதைத் தமிழில சொல்ல, இவர் தான்தான் எண்டார். மனுசி இல்லையோ? இல்லை, தானேதான் எண்டார். போச்சு, எல்லாம் போச்சு எண்டு தலையைக் குனிஞ்சன். நீதிபதியே பேனையைக் கீழ வச்சிட்டார்.

அவ்வளவோட வக்கீல் நிப்பாட்டியிருக்கலாம். ருசி கண்ட பூனை விடுமோ? பாலும் சீனியும் போட்டு அன்பாக் குடுத்தீங்களோ எண்டு சிரிச்சுக்கொண்டு கேட்டார்.

"பால் இல்ல சேர். அவரு பால் குடிக்க மாட்டாரு. இஞ்சி போட்ட பிளேன்டீ, சீனி இல்லாம."

அது எப்பிடித் தெரியும் எண்டு நீதிபதி கேட்டார்.

"பொலிஸ்ல நான்தானே சேர் போட்டுக் குடுத்தது. அடிச்சுக் களைச்சா கட்டியிருந்த கயித்தை அவுத்து விட்டு, பிளேன்டீ ஊத்திட்டு வான்னு சொல்லுவாரு. நொண்டிக்கிட்டே போய்ப் போட்டுக் குடுப்பேன்."

மொழிபெயர்க்கிறவர் சிங்களத்தில சொல்லத் தொடங்கி, இடையில நிண்டு நிண்டுதான் முடிச்சார். எத்தினை தரம் இந்த மனுசனை இருத்தி வச்சு வாக்குமூலம் எழுதினனான்! இதை ஒருக்காலும் சொல்லேல்லை. ஆரும் கேக்கவும் இல்லை.

அப்ப வீட்டுக்கு வந்த அண்டு ஏன் போட்டீங்கள் எண்டு நீதிபதி தணிஞ்ச குரல்ல கேட்டார். இவர் இன்ஸ்பெக்டர் பக்கம் பாக்காமலே சொன்னார்.

"குடிச்சு முடிக்கிற வரைக்கும் அடிக்க மாட்டாரு சேர். அதான் வீட்டுல இருக்கிறதுலயே பெரிய கோப்பையில ஊத்துனேன்."